கேட்டவர்கள் என்ன செய்தார்கள்?

போர்க்காலப் பிரச்சாரத்தின் வரலாறு பெரும்பாலும் பேசியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த அமைச்சகம் எந்தச் சுவரொட்டியை அச்சடித்தது, எந்த மந்திரி எந்த வானொலியில் முழங்கினார் என்பதற்கெல்லாம் கோப்புகள் உண்டு. கேட்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு ஓரளவேனும் ஆவணம் கிடைப்பது இரண்டாம் உலகப் போரிலிருந்துதான். பிரிட்டனும் ஜெர்மனியும் தத்தம் குடிமக்கள் கடை வரிசையிலும் மதுக்கடையிலும் ரயில் பெட்டியிலும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டு, ரகசிய அறிக்கைகளாகத் தொகுத்தன. அவற்றைப் படிக்கும்போது, சொன்னதையெல்லாம் நம்பும் மந்தைதான் மக்கள் என்ற எண்ணம் நிற்பதில்லை. மக்களை யாராலும் ஏமாற்ற முடியாது என்ற ஆறுதலும் நிற்பதில்லை.

கதை அதற்கு முந்தைய போரில் தொடங்குகிறது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், லண்டனில் வெலிங்டன் ஹவுஸ் என்ற கட்டடத்தில் பிரிட்டிஷ் அரசு ஒரு பிரச்சார அலுவலகத்தைத் திறந்தது. பொறுப்பாளர் சார்ல்ஸ் மாஸ்டர்மன். செப்டம்பர் தொடக்கத்தில் அவர் கூட்டிய கூட்டத்துக்குத் தாமஸ் ஹார்டி, ஆர்தர் கோனன் டாயில், எச். ஜி. வெல்ஸ், ஜி. கே. செஸ்டர்டன் எனப் பெரிய எழுத்தாளர்கள் வந்தார்கள். அலுவலகத்தின் பெயர் வெளியே தெரியாது. நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் வழக்கமான பதிப்பகங்களின் முத்திரையோடு வெளிவந்தன. அமெரிக்காவில் அதை வாங்கிப் படித்தவருக்கு, ஓர் எழுத்தாளர் தன் மனச்சாட்சிப்படி எழுதியதைப் படிக்கிறோம் என்ற எண்ணமே இருந்தது. அரசு பேசுகிறது என்று தெரிந்தால் காது மூடிக்கொள்ளும் என்பதை மாஸ்டர்மன் அறிந்திருந்தார்.

அவர்கள் கையில் எடுத்த விஷயம் பெல்ஜியம். ஜெர்மன் படை அங்கே செய்தவை கட்டுக்கதைகள் அல்ல. 1914 ஆகஸ்ட் 23 அன்று தினாந்த் என்ற சிற்றூரில் மட்டும் 674 குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து லூவன் பல்கலைக்கழக நூலகம் கொளுத்தப்பட்டது. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாலே உலகம் பதறியிருக்கும். ஆனால் 1915 மே மாதம், லூசிடானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்ட ஐந்தாம் நாள், ஜேம்ஸ் பிரைஸ் தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கையில் நடந்த படுகொலைகளோடு, துப்பாக்கி ஈட்டியில் குத்தப்பட்ட குழந்தைகள், கை வெட்டப்பட்ட சிறுவர்கள் போன்ற செவிவழிக் கதைகளும் கலந்தன. சாட்சிகள் பெரும்பாலும் அகதிகள், சத்தியப் பிரமாணம் வாங்கப்படவில்லை, குழு உறுப்பினர்கள் அவர்களை நேரில் விசாரிக்கவும் இல்லை. பிரைஸ் மதிப்புமிக்க அறிஞர், அமெரிக்காவில் தூதராக இருந்தவர். அவர் பெயருக்காகவே அறிக்கை நம்பப்பட்டது. ஏறத்தாழ முப்பது மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது.

1917 ஏப்ரலில் இதைவிடக் கொடிய கதை ஒன்று வந்தது. போர்முனைக்குப் பின்னால் உயிரற்ற உடல்களிலிருந்து கொழுப்பு எடுக்கும் ஆலையைப் பற்றி ஒரு ஜெர்மன் செய்தித்தாள் எழுதியிருந்தது. அந்த உடல்கள் குதிரைகளுடையவை. லண்டன் டைம்ஸும் டெய்லி மெயிலும் அதை எடுத்து, ஜெர்மானியர்கள் தங்கள் சொந்தப் போர்வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிச் சோப்புக்கும் தீவனத்துக்கும் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று வெளியிட்டன. பிரிட்டிஷ் அரசு அதை உறுதிப்படுத்தவில்லை; மறுக்கவும் இல்லை. பொய் என்று சொல்லாமல் இருப்பதே அதற்குப் போதுமான உதவியாக இருந்தது.

போர் முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1925 டிசம்பரில், வெளியுறவு மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் அந்தக் கதைக்கு அடிப்படையில்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை ஏற்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1928இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆர்தர் பான்சன்பி போர்க்காலப் பொய்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகு பிரிட்டனில் ஒரு தலைமுறை ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டது: எதிரியின் அட்டூழியம் என்று செய்தி வந்தால் அது அரசின் சமையல். பிணத் தொழிற்சாலை பொய் என்பதைக் கற்றவர்கள், தினாந்தில் செத்த 674 பேரையும் அதே மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். அந்தப் பொய்யின் முதல் பலி அந்த 674 பேர்தான்.

1939 செப்டம்பரில் மறுபடி போர் வந்தபோது, பிரிட்டிஷ் தகவல் அமைச்சகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கத் தொடங்கியது. அதன் முதல் சுவரொட்டி, ‘உங்கள் துணிவும் உங்கள் மலர்ச்சியும் உங்கள் உறுதியும் எமக்கு வெற்றி தரும்’ என்ற பொருள்பட அமைந்தது. மேலே மன்னரின் மகுடம், கீழே சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. 1937இல் டாம் ஹாரிசனும் நண்பர்களும் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பு, மக்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெருவில் இறங்கிக் கேட்டது. பலருக்கு அந்த வாசகம், துணிவும் உறுதியும் காட்டிப் பாடுபட வேண்டியவர்கள் நாம், வெற்றி மட்டும் மேலே இருப்பவர்களுக்கா என்று உறைத்தது. வர்க்கப் பிளவு ஆழமாக ஓடிய ஒரு நாட்டில், எழுதியவர்கள் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்பது ஒரே வரியில் தெரிந்துவிட்டது. அதே வரிசையில் அச்சான, ‘நிதானம் காத்து வேலையைத் தொடருங்கள்’ என்ற சுவரொட்டி ஏறத்தாழ 24 லட்சம் பிரதிகள் அடிக்கப்பட்டு, பெருங்குண்டுவீச்சு வரும்போது ஒட்டலாம் என்று கிடங்கில் வைக்கப்பட்டது. குண்டுகள் விழுந்தன, அதை ஒட்டவில்லை, பெரும்பகுதி கூழாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒற்றைப் பிரதியிலிருந்து அது உலகெங்கும் கோப்பைகளிலும் சட்டைகளிலும் ஏறியது. போரைத் தாங்கிய மக்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இல்லை என்பதை, இன்று அதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1940 மே முதல் அமைச்சகத்தின் உள்நாட்டு உளவுப் பிரிவு மக்களின் மனநிலை குறித்து நாள்தோறும் அறிக்கை தயாரித்தது. தலைமை வகித்தவர் மேரி ஆடம்ஸ். அந்த அறிக்கைகளில் மறுபடி மறுபடி வருகிற புகார், கெட்ட செய்தி வந்துவிட்டதே என்பதல்ல, அதை மறைக்கிறார்களே என்பது. ஜூன் 17 அன்று பிரான்சின் சேன் நசேர் துறைமுகத்துக்கு அருகே லாங்காஸ்ட்ரியா கப்பல் குண்டுவீச்சில் மூழ்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைக்கு வந்த கெட்ட செய்திகளே போதும் என்று பிரதமர் சர்ச்சில் அதை நிறுத்திவைத்தார். ஜூலை கடைசியில் அமெரிக்கப் பத்திரிகை வழியாகத்தான் அது வெளியே வந்தது. அதற்குள் உயிர் தப்பியவர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்கள் வாயை எந்தத் தணிக்கை அதிகாரி மூடுவார்?

வாயை மூடவும் முயன்றார்கள். அதே ஜூலையில் ‘மௌனப் படை’ என்ற இயக்கம் தொடங்கியது. வதந்தி பரப்புகிறவர், மனந்தளர்ந்து பேசுகிறவர், எல்லாம் தெரிந்ததுபோல் அளக்கிறவர் ஆகியோரைக் கேலிச் சித்திரமாக்கி விளம்பரங்கள் வந்தன. போரில் தோற்போம் என்று புலம்பியவர்களுக்கு நீதிமன்றங்கள் அபராதமும் சிறையும் விதித்தன. மக்கள் கொதித்தார்கள். அண்டை வீட்டாரை வேவு பார்க்கச் சொல்வது ஹிட்லரின் வேலை, அதை எதிர்த்துத்தானே இந்தப் போர் என்று கேட்டார்கள். ஜூலை 23 அன்று சர்ச்சில் அந்த இயக்கத்தைக் கைவிடுவதாக நாடாளுமன்றத்தில் ஏறக்குறைய ஒப்புக்கொண்டார். ஒரு ஜனநாயக அரசு தன் பிரச்சாரத்தைத் தானே திரும்பப் பெற்ற தருணம் அது. பிரிட்டனின் போர்க்கால வரலாற்றில் பெருமைப்படத் தக்க நாள்களில் அதையும் சேர்க்க வேண்டும்.

எதிரியின் வானொலியை பிரிட்டன் தடைசெய்யவில்லை. ஹாம்பர்க் வானொலி வழியாக ஆங்கிலத்தில் பேசிய வில்லியம் ஜாய்ஸைப் பத்திரிகைகள் லார்டு ஹா ஹா என்று அழைத்தன. 1940 தொடக்கத்தில் பிரிட்டனில் வயதுவந்தவர்களில் ஆறில் ஒருவர் அவரை வாடிக்கையாகக் கேட்டார் என்று பிபிசியின் ஆய்வே கண்டது. இருட்டடிப்பு நாள்கள், வெளியே போக வழியில்லை, பிபிசியோ சவசவவென்றிருந்தது. கேட்டார்கள், சிரித்தார்கள், பாதியை நம்பாமல் பாதியை மனத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. ஊர் ஊராக ஒரே மாதிரியான கதை கிளம்பியது. எங்கள் ஊர் மணிக்கூண்டு பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்று ஹா ஹா நேற்றிரவு சொன்னாராம். இந்தத் தொழிற்சாலைக்கு அடுத்த வாரம் குண்டு என்றாராம். இந்தப் பள்ளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாராம். ஈவ்ஷாமில் இருந்த பிபிசியின் கண்காணிப்பு நிலையம் ஜெர்மன் ஒலிபரப்புகளை எழுத்தெழுத்தாகப் பதிவுசெய்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்தார்கள். எந்த மணிக்கூண்டைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கதைகளை ஆக்கியவர்கள் ஊர் மக்களே. தங்கள் ஊருக்குள் உளவாளி இருக்கிறான் என்ற பயம் முதலில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது. ஹாம்பர்க் குரல் அந்த வாயானது. அமைச்சகம் வெளியிட்ட மறுப்புகள் அதிகம் உதவவில்லை. ஜெர்மனியின் பிரச்சார அமைச்சகம் எவ்வளவு செலவழித்தாலும் செய்திருக்க முடியாததை, இருட்டில் உட்கார்ந்திருந்த மக்களின் அச்சம் இலவசமாகச் செய்து கொடுத்தது.

ஜெர்மனியில் நிலைமை வேறு. 1933இல் ‘மக்கள் வானொலி’ என்ற மலிவுப் பெட்டி 76 மார்க்குக்கு விற்பனைக்கு வந்தது. 1938இல் வந்த சிறிய பெட்டி 35 மார்க். அந்தச் சிறு பெட்டிக்கு, பிரச்சார மந்திரியின் பெயரால், மக்கள் வைத்த பட்டப்பெயர் கோயபல்ஸின் மூஞ்சி. அரசு விரும்பியபடி வீட்டுக்கு வீடு வானொலி நுழைந்தது. ஆனால் அந்தப் பெட்டியின் காது கோயபல்ஸுக்காக மட்டும் திறந்திருக்கவில்லை. போர் தொடங்கியதுமே வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றமாக்கப்பட்டது. கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு லண்டனைக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

எனினும் அங்கே அரசின் வார்த்தையைப் பொய்யாக்கியது பெரும்பாலும் அரசின் செய்கைதான். 1941 அக்டோபர் 9 அன்று, அரசின் பத்திரிகைத் தலைவர் ஓட்டோ டீட்ரிஷ் பெர்லினில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ரஷ்யப் போர் முடிவாகிவிட்டது என்று அறிவித்தார். மறுநாள் செய்தித்தாள்கள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. பத்து வாரம் கழித்து, டிசம்பர் 20 அன்று, கோயபல்ஸே வானொலியில் வந்து போர்வீரர்களுக்குக் கம்பளியும் மென்மயிர் ஆடையும் கையுறையும் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டார். மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் அல்லவா அங்கே உறைந்துகொண்டிருந்தவர்கள். கொடுக்கும் கையோடு கணக்கும் போட்டார்கள். போர் முடிந்ததென்றால் இந்தக் கையுறை யாருக்கு? குளிருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது என்று அதுவரை சொன்னது என்னாயிற்று? எஸ்எஸ் அமைப்பின் பாதுகாப்புப் பிரிவு தயாரித்த ரகசிய அறிக்கைகள் இந்தப் பேச்சுகளைப் பதிவுசெய்தன. தோல்வி என்ற வார்த்தையைச் சொல்லாத அந்த வேண்டுகோள், பல குடும்பங்களுக்கு உண்மையைச் சொன்ன முதல் அரசு அறிவிப்பாக அமைந்தது.

ஸ்டாலின்கிராடில் இந்த முரண் முற்றியது. 1943 பிப்ரவரி 3 அன்று, சோக இசையோடு, ஆறாவது படை கடைசி மூச்சுவரை போரிட்டு மடிந்தது என்று வானொலி அறிவித்தது. உண்மையில் ஏறத்தாழ 91,000 பேர் சரணடைந்து உயிரோடு இருந்தார்கள். அவர்களில் தளபதி பவுலுஸும் ஒருவர். மாஸ்கோ வானொலி கைதிகளின் பெயர்களை வாசித்தது. சட்டத்தை மீறிக் கேட்டவர்கள், முகம் தெரியாத குடும்பங்களுக்கு, உங்கள் மகன் உயிரோடிருக்கிறான் என்று கடிதம் போட்டார்கள். பிரச்சாரத்துக்கு எதிராக ஒரு குடிமகன் செய்யக்கூடிய இதைவிடத் துணிவான, இதைவிடக் கருணையான செயல் வேறு தேட வேண்டியதில்லை.

இதை வைத்து ஜெர்மன் மக்கள் கண் திறந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே அறிக்கைகள், ‘பழிவாங்கும் ஆயுதம்’ வருகிறது, போர் திரும்பிவிடும் என்ற அரசின் வாக்கை மக்கள் கடைசிவரை பற்றிக்கொண்டிருந்ததையும் காட்டுகின்றன. பிடித்ததை நம்பினார்கள். கிழக்கிலிருந்து விடுப்பில் வந்த வீரர்கள் யூதர்களைக் குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டதைச் சொன்னபோது, பலர் மேற்கொண்டு கேட்காமல் விட்டார்கள். கையுறைக்குப் போட்ட கணக்கைக் காலியான பக்கத்து வீட்டுக்குப் போடவில்லை.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மறுகோடியில் சென்னை நகரமும் 1942இல் இந்தக் கணக்கைப் போட்டது. சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லப்பட்டது. பிப்ரவரி 15 அன்று அது விழுந்தது. பர்மாவிலிருந்து கப்பலிலும் கால்நடையாகவும் திரும்பியவர்கள், வெள்ளைக்காரர்கள் எப்படி முதலில் கிளம்பினார்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பீதி வேண்டாம் என்ற அரசே தன் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றத் தொடங்கியது. மூட்டை கட்டும் குமாஸ்தாவைப் பார்த்த பிறகு அறிக்கையைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? நகரம் காலியானது. நாட்டின் பல பகுதிகளில் மக்கள் அஞ்சலகச் சேமிப்பை எடுத்தார்கள், வெள்ளி நாணயத்தைப் பதுக்கினார்கள். சாம்ராஜ்யத்தின் வார்த்தைக்கு அவர்கள் போட்ட மதிப்பு அதில் தெரிந்தது.

பொய்க்குப் பழகிய காது உண்மைக்கும் மூடிக்கொள்ளும் என்பதன் மிகக் கொடிய சாட்சியம் அதே ஆண்டில் வந்தது. 1942 ஜூன் 25 அன்று டெய்லி டெலிகிராப், போலந்தில் ஏழு லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதாகவும், அதற்கு நச்சுவாயு வண்டிகள் பயன்படுவதாகவும் செய்தி வெளியிட்டது. அது வந்தது ஐந்தாம் பக்கத்தில். டிசம்பர் 17 அன்று வெளியுறவு மந்திரி ஆண்டனி ஈடன் நேசநாடுகளின் கூட்டறிக்கையை வாசித்தபோது நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். அந்த மௌனம் நிலைக்கவில்லை. 1943 ஆகஸ்டில், போலந்தில் நடக்கும் குற்றங்களைப் பற்றிய ஓர் அறிக்கையிலிருந்து வாயுக் கூடங்களைப் பற்றிய குறிப்பை பிரிட்டனும் அமெரிக்காவும் நீக்கின. பிரிட்டனின் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் விக்டர் கேவண்டிஷ் பென்டிங்க் அந்நாளில் கோப்பில் எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது. வாயுக் கூடச் செய்திகள், கடந்த போரில் பிணங்களிலிருந்து கொழுப்பு எடுத்ததாகச் சொன்ன பொய்யைத் தனக்கு நினைவூட்டுவதாக அவர் எழுதினார். 1917இன் பொய் 26 ஆண்டுகளுக்குப் பிறகு, பொய் சொல்லாதவர்களின் சாட்சியத்தை அழித்தது.

பழைய பொய் மட்டுமே காரணம் என்றால் அது அதிகாரிகளைத் தப்பவிடுவதாகும். 1941 ஜூலையிலேயே தகவல் அமைச்சகத்தின் உள் வழிகாட்டுதல் ஒன்று, கொடுமைச் செய்திகளை அளவோடு பயன்படுத்த வேண்டும், சந்தேகமறக் குற்றமற்ற மக்களைப் பற்றியதாக அவை இருக்க வேண்டும், அரசியல் எதிரிகளைப் பற்றியோ யூதர்களைப் பற்றியோ இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. நம்பிவிட்டால் ஏதாவது செய்ய வேண்டிவரும். நம்பாமல் இருப்பது பலருக்கு வசதியாக இருந்தது. வாஷிங்டனில், யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த வார்சா கெட்டோவுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்த, போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் தூதர் யான் கார்ஸ்கி சொன்னதைக் கேட்ட நீதிபதி ஃபீலிக்ஸ் பிராங்க்ஃபர்ட்டர், இவர் பொய் சொல்வதாக நான் கருதவில்லை, ஆனால் என்னால் நம்ப முடியவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அவரே யூதர். மனித மனத்தின் எல்லை அங்கே வந்துவிட்டது. 1944 ஜனவரியில் எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் இந்த நம்ப மறுக்கும் நோயைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். அதே ஆண்டு கோடையில் சோவியத் படை மய்தானக் முகாமைக் கைப்பற்றியது. அங்கே சென்ற செய்தியாளர் அலெக்சாண்டர் வெர்த் தன் கண்ணால் கண்டதை எழுதி அனுப்பினார். ரஷ்யப் பிரச்சாரமாக இருக்கும் என்று பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது.

1945 ஏப்ரலில் மேற்கத்தியப் படைகளே முகாம்களுக்குள் நுழைந்தன. பெர்கன் பெல்சனிலிருந்து ரிச்சர்ட் டிம்பிள்பி அனுப்பிய வருணனையையும் பிபிசி உடனே ஒலிபரப்பத் தயங்கியது. தங்கள் சொந்தச் செய்தியாளரின் வார்த்தைக்கே பிற சான்று தேடும் நிலை. ஏப்ரல் 12 அன்று ஓர்த்ருஃப் முகாமைச் சுற்றிப் பார்த்த நேசநாட்டுப் படைத் தளபதி ஐசனோவர், வருங்காலத்தில் எவராவது இதைப் பிரச்சாரம் என்று ஒதுக்கினால் நேரடிச் சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று அங்கே போனதாக அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷலுக்கு எழுதினார். பத்திரிகை ஆசிரியர்களையும் சட்டமன்றப் பிரதிநிதிகளையும் அனுப்பச் சொன்னார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலிருந்து பத்துப் பேர் புஹன்வால்டுக்குச் சென்று பார்த்து அறிக்கை கொடுத்தார்கள்.

முகாம்களில் படையின் ஒளிப்பதிவாளர்கள் எடுத்த படச்சுருள்களைத் தொகுத்து முழுநீள ஆவணப்படம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பைத் தகவல் அமைச்சகத்தின் திரைப்பட ஆலோசகர் சிட்னி பெர்ன்ஸ்டைன் ஏற்றார். ஆலோசனைக்கு இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் லண்டன் வந்தார். வெட்டி ஒட்டும் வேலை குறைவாக இருக்கட்டும், காமிரா வெட்டில்லாமல் நெடுநேரம் நகரட்டும், பிணக்குவியலும் அதைப் பார்க்க அழைத்துவரப்பட்ட உள்ளூர்ப் பெரியவர்களும் ஒரே காட்சியில் தெரியட்டும் என்பது அவருடைய யோசனை. இல்லாவிட்டால் ஜோடித்தது என்பார்கள். வெட்டிலும் ஒட்டிலும் பெயர் பெற்ற கலைஞர், தன் கலையின் தந்திரங்களை ஒதுக்கிவைத்தால்தான் இது நம்பப்படும் என்று கண்டார். படம் முடிவதற்குள் அரசின் முன்னுரிமை மாறியது. தோற்ற ஜெர்மனியை நிமிர்த்தி நிறுத்துவது அவசரமானது; 1945 செப்டம்பரில் வேலை நின்றது. ஆறு சுருள்களில் ஐந்து இருந்த நிலையிலேயே 1984இல் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டன. ஆறாவதையும் சேர்த்து, அன்றைய காட்சிக் குறிப்புகளைப் பின்பற்றி, லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 2014இல் அந்தப் படத்தை முழுமையாக்கியது.